வில்லும் குடமும் நாமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர் பெருமக்களும் பட்டம் பெற்ற அறிஞர்களும் நின்று பேசிய இம்மேடையில், நாள்தோறும் இரயில்வே பார்சல் அலுவலகத்தில் பொதிகளை எடைபோட்டுப் பதிவேட்டில் எழுதிப் பொழுதைக் கழிக்கும் என்னையும் பேச அழைத்தது தங்கள் பேரன்பு. "எதைப்பற்றி வேண்டுமாயினும் பேசுங்கள்; ஆனால் அரைமணி நேரத்தில் முடித்துவிடுங்கள்" என்று செயலாளர் அன்புக் கட்டளை இட்டிருக்கிறார். ஆகவே, எனக்குத் தெரிந்த ஒன்றைப்பற்றி, தெரிந்த அளவில் பேச விழைகிறேன். வில்லுப்பாட்டைப்பற்றியும், அதைத் தம் வாழ்நாள் முழுவதும் தோளில் சுமந்த ஒரு பெரியவரைப்பற்றியும், அக்கலையை நாம் ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டிய முறையைப்பற்றியும் சில சொற்கள் சொல்லி அமைகிறேன்.

இந்தப் பொருளை நான் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் எங்கள் அலுவலகத்தில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

தாராவியில் ஓர் அம்மன் கோயில் கொடைக்குப் பாட வந்திருந்த நெல்லைச் சீமை வில்லுக்குழுவினர், கொடை முடிந்து ஊர் திரும்புகையில், தங்கள் வில்லைப் பார்சலில் அனுப்ப எங்கள் அலுவலகத்திற்குக் கொண்டு வந்தார்கள். பழைய வேட்டியால் சுற்றி, சணலால் இறுகக் கட்டி, இருவர் தோளில் தாங்கி வந்தார்கள். என் பக்கத்தில் அமர்ந்து வேலை செய்யும் மராட்டிய நண்பர் அதனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது என்ன, ராமலீலாவுக்கு உரிய தனுசா?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் நகைத்தார்கள். பதிவேட்டில் பொருளின் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் என் பேனா நின்றது. என்ன எழுதுவது? ஒரு கணந்தான் தயங்கினேன் என்றாலும், அந்தத் தயக்கம் என்னை உறுத்தியது. எங்கள் ஊர்க் கோயில் வாசலில் விடியவிடிய நான் கேட்டு வளர்ந்த கருவிக்கு, நாலு பேர் முன்னிலையில் பெயர் சொல்ல நான் ஏன் கூசினேன்? பிறகு 'இசைக்கருவி' என்று எழுதினேன். குழுவின் மூத்தவர் என்னைத் தமிழன் என்று அறிந்துகொண்டு, "தம்பி, இதுக்கு மேல வேற சாமான் எதையும் ஏத்திராம பாத்துக்கிடுங்க. வில்லு கோணிட்டா சத்தம் போயிரும்" என்று கேட்டுக்கொண்டார். நானே உடன் சென்று, பிரேக் வேனில் சுவரோரமாக அதனை வைக்கச் செய்து திரும்பினேன்.

இங்கு அமர்ந்துள்ளோரில் பலர் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். தங்களுக்கு நான் வில்லுப்பாட்டை விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் மும்பையிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்காகச் சிறிது சொல்ல வேண்டியுள்ளது.

பத்தடி அளவிலும் அதற்கு மேலும் நீண்ட ஒரு வில். அதன் இருமுனையையும் இணைத்து இறுகக் கட்டிய நாண். வில்லில் தொங்கும் மணிகள். வில்லின் நடுப்பகுதியை ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். தலைமைப் பாடகர் நடுவே அமர்ந்து, இரு கைகளிலும் வீசுகோல் ஏந்தி நாணை அடிப்பார். மணிகள் கலகலவென ஒலிக்கும். குடக்காரர் குடத்தின் வாயை மட்டையால் தட்டுவார். உடுக்கையும் தாளமும் கட்டையும் துணை நிற்கும். போருக்குரிய வில்லைப் பாட்டுக்குரியதாக மாற்றிய முன்னோர் யாவர், எக்காலத்தவர் என்று ஆராயும் ஆற்றல் எனக்கில்லை. ஆனால் நாட்டார் தெய்வங்களின் கொடை விழாவே இக்கலையின் தாய்வீடு என்பதில் ஐயமில்லை. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்துப்பட்டன் முதலிய தெய்வங்களின் பிறப்பையும் வாழ்வையும் இறப்பையும் அந்தத் தெய்வத்தின் முன்னிலையிலேயே பாடுவார்கள். கதை உச்சத்தை எட்டும்போது வில்லின் ஓசை விரையும்; குடம் அதிரும்; சாமியாடி எழுந்து ஆடுவார். பாட்டும் வழிபாடும் அங்கே வேறுவேறல்ல.

முத்துப்பட்டன் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தணர் குலத்தில் பிறந்த ஒருவன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா என்னும் இருவரை மணக்க விரும்பிப் பூணூலை அறுத்தெறிந்து, தானும் தோல்வேலை பழகினான். பின்பு மாமனாரின் மாடுகளைக் கள்வர்களிடமிருந்து மீட்கச் சென்று உயிர் துறந்தான். பாபநாசத்திற்கு மேலே காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் பட்டவராயனாக வணங்கப்படும் அவனுக்கு மக்கள் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். பேராசிரியர் நா. வானமாமலை இக்கதையைப் பதிப்பித்து வெளியிட்டார். தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்து குடியேறிய நெல்லை மக்களின் வழித்தோன்றல்கள் இந்த அவையிலே இருக்கிறார்கள். செருப்பைக் காணிக்கையாக ஏற்கும் தெய்வத்தின் கதை அவர்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

வில்லுப்பாட்டில் இன்னொரு சிறப்பு உண்டு. இன்று நான் சொல்ல வந்ததற்கெல்லாம் அதுவே அடிப்படை. தலைமைப் பாடகர் தனியாகக் கதை சொல்வதில்லை. அவர் ஓர் அடியைச் சொல்லி நிறுத்தியதும், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார், "அப்படியா!" என்று வியப்பார், "அப்புறம்?" என்று கேட்பார். அவர் கேட்பது நமக்காக. நம் மனத்தில் எழும் கேள்வி அவர் வாயால் வெளிப்படுகிறது. சிறிது நேரத்தில் கூட்டமே அந்த ஆமாவோடு சேர்ந்துகொள்ளும். முன்வரிசைக் கிழவி ஒருத்தி கதைக்குள்ளிருக்கும் கொடியவனை வாய்விட்டுத் திட்டுவாள். கேட்போர் வாய் திறவாமல் இருந்தால் வில்லும் சோர்ந்துவிடும் என்று பாடகர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இத்தகைய கலையைக் கோயில் வாசலிலிருந்து நாட்டின் பொது மேடைக்குக் கொண்டு வந்தவர்களுள் தலையாயவர் சுப்பு ஆறுமுகம் அவர்கள். 1928ஆம் ஆண்டு நெல்லை மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தார். இளமையிலேயே கவி புனையும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. அந்த இளைஞரின் திறமையை இனங்கண்டு சென்னைக்கு அழைத்துச் சென்றவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். கலைவாணரும் நாகர்கோவில் மண்ணிலே பிறந்தவர். வில்லோசை அவர் செவிக்குப் புதிதன்று. சுப்பு ஆறுமுகம் காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாக எழுதித் தர, கலைவாணர் அதனை மேடையிலே நிகழ்த்தினார். ஏறத்தாழ அக்காலத்திலேயே கொத்தமங்கலம் சுப்பு அவர்களும் 'காந்தி மகான் கதை'யை வில்லுப்பாட்டாகப் பாடினார். இருவர் பெயரிலும் சுப்பு இருப்பதால் இளைஞர்கள் மயங்கிவிடக் கூடாது. இருவரும் வேறு வேறு பெரியோர்கள்.

இது சிறிய மாற்றமன்று. அதுகாறும் வில்லிலே பாடப்பெற்றவர்கள் தெய்வமானவர்கள். பெரும்பாலும் அநியாயமாகக் கொலையுண்டு, பின் தெய்வமாக எழுந்தவர்கள். 1948ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்ட காந்தியடிகளின் கதையை வில்லிலே பாடியபோது, கிராமத்து மக்களுக்கு அது புரியாத புதுமையாக இருந்திருக்காது என்றே எண்ணுகிறேன். நல்லவன் ஒருவன் கொலையுண்டதை விடியவிடியக் கேட்டுக் கண்ணீர் விட்டுப் பழகியவர்கள் அல்லவா அவர்கள்? பழைய கலத்திலே புதிய பொருளை வார்த்தாலும், கலத்துக்கும் பொருளுக்கும் பொருத்தம் இருந்தது.

கலைவாணர் 1957இல் மறைந்தார். சுப்பு ஆறுமுகம் திரைப்படங்களுக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதினார். நாகேஷ் அவர்களுக்கும் எழுதினார். ஆயினும் அவர் திரையுலகோடு நின்றுவிடவில்லை. வில்லைத் தாமே கையில் ஏந்தித் தமிழகமெங்கும் சென்றார். இராமாயண, மகாபாரதக் கதைகளையும், கோயில் வரலாறுகளையும், நாட்டுத் தலைவர்களின் வாழ்வையும், சமுதாயத்திற்கு வேண்டிய அறிவுரைகளையும் வில்லிலே பாடினார். வானொலியும் தொலைக்காட்சியும் அவர் குரலை இல்லங்கள்தோறும் கொண்டு சேர்த்தன. கோயிற் கொடையில் விடியவிடியப் பாடும் கதையை, அரங்கத்தில் இரண்டு மணி நேரத்தில் சுவை குன்றாமல் சொல்லி முடிக்க வேண்டும். பல மாவட்டத்தாரும் அமர்ந்திருக்கும் அவையில் நெல்லைப் பேச்சு மட்டுமே பேசினால் ஆகாது. இந்த இரண்டு தடைகளையும் அவர் தம் தெளிந்த தமிழாலும் நகைச்சுவையாலும் வென்றார். வில்லுப்பாட்டு 'வில்லிசை' என்னும் பெயரோடு கற்றோர் அவையிலும் இடம் பெற்றதில் அவர் பங்கு பெரிது. தம் மகளார் பாரதி திருமகன் அவர்களையும் இக்கலையிலே ஈடுபடுத்தினார். தந்தையும் மகளும் ஒரே மேடையில் அமர்ந்து பாடினார்கள்.

2004இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 2021இல் பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தன. 2015ஆம் ஆண்டு வெளிவந்த 'உத்தம வில்லன்' திரைப்படத்தில் வில்லுப்பாட்டு இடம்பெற்றபோது, அதன் இசைத்தொகுப்பிலும் அவர் பங்களிப்பு இருந்தது. எண்பத்தைந்தைக் கடந்த அகவையில், தம் பேரன் வயதுள்ள இசையமைப்பாளரோடு சேர்ந்து பணியாற்றினார் என்றால் அவர் ஊக்கத்தை என்னென்பது! 2022ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் அப்பெரியார் இயற்கை எய்தினார்.

அன்பர்களே, இவ்வளவும் கேட்டபின் ஒரு வினா எழும். கோயிலை விட்டு அரங்கத்திற்கு வந்ததால் வில்லு தன் உயிரை இழந்துவிட்டதா? எங்கள் ஊர்ப் பெரியவர்களுள் அவ்வாறு சொன்னவர்கள் உண்டு. "சாமி வராத பாட்டு என்ன பாட்டு?" என்பது அவர்கள் வாதம். நான் அதனை முழுவதும் ஏற்கவில்லை. சுப்பு ஆறுமுகம் அவர்கள் அரங்கத்திலும் ஆமா போடும் துணைவரைக் கைவிடவில்லை. நாற்காலியில் அமர்ந்திருந்த நகரத்தாரையும் கதைக்குள் இழுத்துக்கொண்டார். அவையினர் சிரித்தார்கள், வியந்தார்கள், சில இடங்களில் கண் கலங்கினார்கள். தெய்வம் இறங்கவில்லையாயினும் மனிதர்கள் ஒன்றுபட்டார்கள். ஆதலின் அவர் கலையின் உயிர்நாடியைப் பிடித்தபடியேதான் மேடை மாறினார் என்பது என் கருத்து.

வில்லின் உயிர் எங்கே குறைகிறது தெரியுமா? கேட்போரை விலக்கிவிட்டுப் பதிவு செய்யும்போதுதான் குறைகிறது.

ஒலிப்பதிவுக் கருவி வந்த வரலாற்றை எண்ணிப் பாருங்கள். பழைய கிராமபோன் இசைத்தட்டில் ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட இயலும். மூன்று நிமிடத்தில் வில்லுப்பாட்டின் காப்புக்கூட முடியாது. பின்னர் நெடுநேர இசைத்தட்டு வந்தது. அதன் பின் கேசட் வந்தது. தொண்ணூறு நிமிடக் கேசட் வந்தபோதுதான் ஒரு கதையின் ஒரு பகுதியையேனும் அடக்க முடிந்தது. ஆனால் கேசட்டுக்காகப் பதிவுக்கூடத்தில் பாடும்போது என்ன நிகழ்கிறது? நான்கு சுவர், கண்ணாடிக்கு அப்பால் ஒரு பொறியாளர், இருமினாலும் மீண்டும் பாட வேண்டும். குரல் தெளிவாக விழுகிறது. மணியோசை துல்லியமாக விழுகிறது. கிழவியின் வசவு விழுவதில்லை. அவள் அங்கே இல்லையே!

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்பவர் குமரி மாவட்டத்திற்கு வந்து தங்கி, கோயில் கொடைகளிலேயே வில்லுப்பாட்டைப் பதிவு செய்து ஆராய்ந்து, 1988இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். கதையின் எழுத்து வடிவத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது பாடப்படும் களத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் கொண்டார். கடல் கடந்து வந்த ஒருவர் உணர்ந்ததை நாம் உணரவில்லையெனில் அது நமக்குப் பெருமையாகாது.

மேலைநாட்டிலும் இதற்கு ஒப்பான ஒரு நிகழ்ச்சி உண்டு. ஜானி காஷ் என்னும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர், 1968ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கலிபோர்னியாவிலுள்ள ஃபோல்சம் சிறைச்சாலைக்குள் சென்று கைதிகளின் முன்னே பாடினார். கைதிகளின் ஆரவாரத்தோடு கூடிய அந்தப் பதிவு அவ்வாண்டே இசைத்தட்டாக வந்து, தளர்ந்திருந்த அவர் புகழை மீண்டும் ஓங்கச் செய்தது. சிறைவாழ்வைப் பற்றிய பாட்டைச் சிறையிலிருப்போர் முன்னே பாடினார் என்பதே அதன் பெருமை. ஆனால் பிற்காலத்தில் ஓர் உண்மை வெளிவந்தது. அப்பதிவில் குறிப்பிட்ட ஓர் அடிக்குப் பின்னர்க் கேட்கும் ஆரவாரம், பதிவுக்கூடத்தில் பின்னால் சேர்க்கப்பட்டதாம்! கேட்போரின் குரல் இல்லாமல் அந்த இடம் வெறுமையாகத் தோன்றியிருக்கிறது. ஆகவே வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டினார்கள். பணம் கொடுத்தாயினும் பெற வேண்டிய பொருளாகக் கேட்போரின் குரலை அவர்கள் கருதினார்கள். நாமோ அதனை இரைச்சல் என்று எண்ணி நீக்குகிறோம்.

இனி என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அதைச் சொல்வதற்குச் சிறிது வெட்கமாகவும் இருக்கிறது.

1993ஆம் ஆண்டு சித்திரை மாதம். எனக்கு வயது பதின்மூன்று. கோடை விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தோம். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு, என் தந்தையார் மும்பையிலிருந்து கைப்பிடியுள்ள ஒரு டேப் ரிக்கார்டரை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அதனை வில்லுக்கு முன்னே ஒரு முக்காலியில் வைத்து, சாமக்கொடை நேரத்தில் இரண்டு கேசட்டுகளில் முத்துப்பட்டன் கதையைப் பதிவு செய்தார். இரவெல்லாம் அதன் அருகிலேயே காவல் இருந்தார்.

மும்பைக்குத் திரும்பியதும் ஞாயிறுதோறும் அதனைப் போடுவார். எங்களுடையது ஒற்றை அறை வீடு. அடுத்த வீட்டிலும் எதிர்வீட்டிலும் வேற்றுமொழிக்காரர்கள். எனக்கு அப்போது திரைப்பாட்டில்தான் நாட்டம். "அப்பா, எல்லாரும் சிரிக்கிறாங்க, சத்தத்தைக் குறைங்க" என்று ஒரு நாள் சொன்னேன். என் தந்தையார் கோபிக்கவில்லை. ஒலியைக் குறைத்துக்கொண்டு, பெட்டியின் அருகே காதை வைத்துக் கேட்டார். அதன்பின் நான் வீட்டில் இருக்கும்போது அவர் அதனைப் போட்டதில்லை. கேசட்டுகள் டிரங்குப் பெட்டியின் அடியிலே போயின.

2016இல் என் தந்தையார் காலமானார். பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், வீட்டைச் சீர்படுத்தும்போது அக்கேசட்டுகள் கிடைத்தன. ஒன்றில் நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துவிட்டது. மற்றொன்றை நண்பர் ஒருவர் பக்குவமாகச் சுற்றிக் கணினியில் ஏற்றித் தந்தார். நானும் என் தாயாரும் என் மகனும் அமர்ந்து கேட்டோம்.

வில் மெலிதாகத்தான் கேட்டது. குடம் அளவுக்கு மீறி முழங்கியது. ஒரு குழந்தை இடைவிடாது அழுதது. பட்டன் கொலையுண்ட இடத்தில், "பாவி மட்டையிலே போவான், பின்னால நின்னு குத்திட்டானே!" என்று ஒரு கிழவியின் குரல் எழுந்தது. என் தாயார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அது என் ஆச்சியின் குரல். என் தாயாரைப் பெற்றவள். அவள் மறைந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. அவள் குரல் வேறு எந்தப் பதிவிலும் இல்லை.

அடுத்த சில நிமிடத்தில் வில்லின் ஓசைக்கு நடுவே, மிக அருகிலே, இன்னொரு குரல் தாழ்ந்து ஒலித்தது: "கொஞ்சம் தள்ளி இருங்க அண்ணாச்சி, பதிவாகுது." என் தந்தையாரின் குரல். அந்தப் பாட்டை நல்லபடியாகப் பிடித்து வைக்க வேண்டும் என்று அவர் பட்ட கவலை அந்த ஒரு சொற்றொடரில் இருந்தது. நான் ஒலியைக் குறைக்கச் சொன்னது இந்தக் குரலைத்தான் என்று அப்போது உணர்ந்தேன். பிற்பாடு உணர்ந்து ஆவதென்ன? அறுந்துபோன கேசட்டில் யார் யார் குரல் இருந்தனவோ, அவை போனவை போனவையே.

என் மகன் கேட்டான்: "ஏன் அப்பா, அந்த ஆள் சும்மா சும்மா ஆமா ஆமான்னு சொல்றாரு?" நான் முதலில் உங்களுக்குச் சொன்ன விளக்கத்தை அவனுக்குச் சொன்னேன். அவன் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அடுத்த நிறுத்தத்தில், தன்னையறியாமல் தானும் "ஆமா" என்றான். பேரனுடைய அந்த ஆமாவைக் கேட்க என் தந்தையார் இல்லை.

பதிவுக்கூடத்தில் செய்த வில்லுப்பாட்டுக் கேசட்டு அன்று எங்கள் வீட்டில் இருந்திருந்தால், பாட்டு இதனினும் நன்றாகக் கேட்டிருக்கும். ஆச்சியும் தந்தையாரும் அதில் இருந்திருக்க மாட்டார்கள். பாடுவோரையும் கேட்போரையும் ஒருங்கே தாங்கிய பதிவே வில்லுக்கு முழுமையான பதிவு என்று நான் வற்புறுத்துவது இந்தப் பட்டறிவினாலேதான்.

இனி, நம் சங்கத்தாரின் திருமுன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: நம் ஆண்டு விழாவிலோ, தாராவி, செம்பூர் வட்டாரத்துக் கோயில் கொடைகளிலோ வில்லுக்குழு வந்து பாடும்போது, தொடக்கம் முதல் மங்களம் வரை முழுவதையும் பதிவு செய்தல் வேண்டும். இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. ஆனால் நாமோ அரை நிமிடம் எடுத்து, நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மறந்துபோகிறோம். ஒருவரேனும் அமர்ந்து முழுக் கதையையும் எடுக்க வேண்டும்; மேடைக்கு ஒரு ஒலிவாங்கி வைத்தால் அவைக்கும் ஒன்று வைக்க வேண்டும்.

இரண்டாவது: பதிவு செய்ததோடு ஊர், நாள், கதையின் பெயர், பாடியவர், குடம் அடித்தவர், ஆமா போட்டவர் ஆகிய அனைவர் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். பொருளின் பெயரும் சேருமிடமும் எழுதாத பொதி எத்தனை மதிப்புடையதாயினும் கேட்பாரற்றுக் கிடக்கும் என்பதை என் தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது. அவ்வாறு தொகுத்ததை நம் சங்கமே ஒரு வெளியீடாகக் கொண்டுவரலாம். ஆனால் பாடியவர்களின் இசைவைப் பெற்று, வருவாயில் அவர்களுக்குரிய பங்கை முதலில் கொடுத்த பின்னரே வெளியிட வேண்டும். கொடை முடிந்ததும் பொன்னாடை போர்த்தி வழியனுப்புவது மட்டும் போதாது. அவர்களுக்கும் குடும்பம் உண்டு, பயணச் செலவு உண்டு, வில்லுக்குப் பார்சல் கட்டணமும் உண்டு.

மூன்றாவது: அடுத்த முறை குழுவினர் வரும்போது, நம் பிள்ளைகளில் இருவரைப் பின்பாட்டுக்காரர் பக்கத்தில் அமர வைக்க அவர்களிடம் கேட்போம். பிள்ளைகள் வில்லடிக்க வேண்டா. குடம் தட்ட வேண்டா. நிறுத்துமிடத்தில் 'ஆமா' சொல்லட்டும். அதற்குக் கதை புரிய வேண்டும். கதை புரியத் தமிழ் புரிய வேண்டும். தமிழ் படி என்று நாம் ஆயிரம் முறை சொல்வதினும் இந்த ஒரு சொல் அவர்களைத் தமிழுக்குள் அழைத்து வரக்கூடும்.

கிங்ஸ் சர்க்கிளில் 1963இல் எழுந்த சண்முகானந்தா அரங்கம் 1990இல் தீக்கு இரையாயிற்று. இந்நகரத்து இசை அன்பர்களின் முயற்சியால் 1998இல் மீண்டும் எழுந்து நிற்கிறது. கல்லும் மரமும் எரிந்தால் மீண்டும் கட்டலாம். அதற்கு நம்மவர்களிடம் ஊக்கமும் பொருளும் இருந்தன. ஆச்சியின் குரலை எவராலும் மீண்டும் கட்ட முடியாது. ஆதலின் இருக்கின்ற குரல்களை இருக்கும்போதே பதிந்துகொள்வோம். இன்று இந்த அவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களும் பெரியோர்களும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சுப்பு ஆறுமுகம் அவர்கள் வில்லைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, தம் பங்கை நிறைவாகச் செய்துவிட்டுப் போனார். எதிரே அமர்ந்து ஆமா சொல்லும் பங்கு நம்முடையது.

எங்கள் அலுவலகத்து மராட்டிய நண்பரை அடுத்த கொடைக்கு அழைத்திருக்கிறேன். ராமலீலாவில் இல்லாத வில் ஒன்று உண்டென்று அவரும் கேட்டறியட்டும். இம்முறை அவர் கேட்டால், அதன் பெயரைத் தயங்காமல் சொல்வேன்.